ரேகை விழாத தலைவர்

ஆடி பிறந்து பத்து நாள் ஆகியிருந்தது. காற்று கரிசல் புழுதியை வாரி ஒத்தப்பனைக்குளத்து வீடுகளின் சோற்றுப்பானை வரைக்கும் கொண்டுபோய்ச் சேர்த்துக்கொண்டிருந்தது. தங்கச்சாமிக்கோ இருந்த இடத்தில் இருப்புக் கொள்ளவில்லை. பஸ் நிறுத்தம் வரைக்கும் விறுவிறுவென்று நடப்பார். கோவில்பட்டி பஸ் வந்து நிற்கும், ஏறமாட்டார். வீட்டுக்குத் திரும்புவார். செருப்பைக் கழற்றுவார், மறுபடி மாட்டுவார். ஐந்து நிமிஷத்துக்கு ஒரு தரம் வலது கை தானாகச் சட்டைப்பைக்குப் போகும். அங்கே இரண்டு பேனா இருக்கும். போன் இருக்காது. போன் போலீஸ் ஸ்டேஷனில், காக்கி உறைக்குள், அரக்கு முத்திரையோடு இருந்தது.

ஊருக்கு அவர் ‘தலைவர்’. இருபத்திரண்டு வருஷம் நூல்மில்லில் வேலை பார்த்துவிட்டு, ஓய்வு பெற்ற மறுவாரமே ‘கரிசல் பூமி உழவர் உரிமை மீட்பு முன்னணி’ என்று ஒரு சங்கத்தைத் தொடங்கி, தலைவர் பதவியைத் தாமே தமக்கு வற்புறுத்திக் கொடுத்து ஏற்றுக்கொண்டார். செயலாளர் கோபாலசாமி. உறுப்பினர்கள் பத்தொன்பது பேர். பயிர்க் காப்பீட்டுக்குத்தான் கையெழுத்து வாங்குகிறார்கள் என்று நினைத்துப் போட்டவர்கள் அவர்கள். அதனாலென்ன, லெட்டர் பேடும் ரப்பர் ஸ்டாம்பும் இருந்துவிட்டால் சங்கம் இருக்கிறது என்றுதானே அர்த்தம்.

அந்தச் சங்கம் உருப்படியாக ஒரு காரியம் செய்தது போன மாதம்தான். விவசாயிகள் தங்கள் புன்செய்க் காட்டுக்கு உரமாக அடித்துக்கொள்ளலாம் என்று அனுமதி கொடுத்த கண்மாய் மண்ணை, சுடலைராஜ் என்ற காண்ட்ராக்டர் டிப்பர் டிப்பராக ரோட்டு வேலைக்கு அள்ளிக்கொண்டிருந்தார். தங்கச்சாமி பட்டப்பகலில் கரைமேல் ஏறி நின்று, வண்டிகளின் நம்பர் பிளேட் தெரியும்படி போனில் படம் பிடித்தார். ஸ்டேஷனில் புகார் கொடுத்தார். மறுநாளே, தங்கச்சாமி தன்னைப் போனில் மிரட்டினார் என்று சுடலைராஜும் ஒரு புகார் கொடுத்தார். எஸ்.ஐ. முத்துசெல்வம் பாரபட்சம் பார்க்காதவர். இரண்டு புகாருக்கும் ஆளுக்கொரு வழக்குப் போட்டார். இரண்டுக்கும் சாட்சி அந்தப் போன்தான் என்று அதை வாங்கி வைத்துக்கொண்டார். டிப்பர்களையும் வாங்கி வைத்துக்கொண்டிருப்பார். ஸ்டேஷனில் இடம் இல்லை.

போனை வாங்கிய கையோடு, லாக்கை எடுத்துவிடச் சொன்னார் எஸ்.ஐ. தங்கச்சாமி தொண்டையைச் செருமினார், மூக்குக்கண்ணாடியைத் துடைத்தார், மழையைப் பற்றி ஏதோ கேட்டார். எஸ்.ஐ. அவருடைய வலது பெருவிரலைப் பிடித்துத் தாமே போனில் வைத்தார். போன் ஒரு குலுக்குக் குலுக்கி, மாட்டேன் என்றது. ஆட்காட்டி விரல், மாட்டேன். நடுவிரல், மாட்டேன். ஒரு பாதகன் எந்த விரலில் பூட்டு வைத்திருப்பான் என்று யாருக்குத் தெரியும்? பத்து விரலையும் பார்த்துவிடுவது என்று எஸ்.ஐ. முடிவு செய்தார். ஐந்தாவது விரலிலேயே போனுக்குச் சலித்துவிட்டது. விரல் வேண்டாம், ஆறு எண்ணைக் கொண்டா என்று கேட்டது.

“இன்னும் கால் விரல் பாக்கி இருக்கு சார்” என்றார் ஏட்டு முத்துமணி.

“நம்பரச் சொல்லுங்க தலைவரே” என்றார் எஸ்.ஐ.

ஸ்டேஷன் வாசலில் கோபாலசாமி நின்றார். உறுப்பினர்கள் நாலு பேர் நின்றார்கள். சுடலைராஜின் டிரைவர் பல் குத்திக்கொண்டு நின்றான். தங்கச்சாமி வாசலைப் பார்த்தார். பிறகு மேடையில் மைக் முன்னால் நிற்கிற மாதிரி நிமிர்ந்தார்.

“சொல்ல மாட்டேன். என் போன், என் உரிமை.”

வாசலில் கைதட்டல் கேட்டது.

உண்மை என்னவென்றால், அவருக்கு அந்த நம்பர் தெரியாது. சட்டியில் இருந்தால்தானே அகப்பையில் வரும்.

இருபத்திரண்டு வருஷம் மில்லில் அறுந்த நூலைப் பெருவிரலுக்கும் ஆட்காட்டி விரலுக்கும் இடையில் வைத்துத் திரித்துத் திரித்து ஒட்டியதில், அவர் விரல்களில் ரேகை என்று ஒன்று மிச்சம் இல்லை; கூழாங்கல் மாதிரி வழுவழுவென்று இருக்கும். ரேஷன் கடை மிஷினில் அவர் விரல் விழாது. அங்கே எப்போதும் அவர் மனைவி கோமதியம்மாள்தான் போய் விரல் வைத்து அரிசி வாங்கிவருவாள். போன வருஷம் கோவில்பட்டியில் இந்தப் போனை வாங்கியபோதும் அதே கதைதான். கடைக்காரர் இவர் விரலைத் துடைத்துத் துடைத்து வைத்துப் பார்த்தார். அந்த நேரம் பார்த்து, பழைய பட்டன் போனில் ஒரு நிருபர் கூப்பிட்டார். தங்கச்சாமி வெளியே போய், வறட்சி நிவாரணம் பற்றி நாற்பது நிமிஷம் பேட்டி கொடுத்துவிட்டு உள்ளே வந்தார். அதற்குள் கோமதியம்மாள் தன் பெருவிரலை வைத்து, ஆறு எண்ணையும் தானே போட்டு, போனைப் பைக்குள் வைத்திருந்தாள். பேட்டி எந்தப் பேப்பரிலும் வரவில்லை.

ஒரு வருஷம் இப்படியே ஓடியது. வீட்டில் இருக்கும்போது “ஏட்டி” என்று போனை நீட்டினால் அவள் விரல் வைத்துத் திறந்துகொடுப்பாள். வெளியே போனால் வருகிற அழைப்பை எடுப்பதற்குப் பூட்டைத் திறக்க வேண்டியதில்லை. பக்கவாட்டுப் பொத்தானை இரண்டு அமுக்கு அமுக்கினால் கேமராவும் பூட்டோடேயே திறந்துகொள்ளும்; எடுத்ததைப் பார்க்கத்தான் முடியாது. கண்மாய்க்கரையில் எடுத்த படத்தை அவர் இதுவரை பார்த்ததில்லை. ஒரு தலைவருக்குப் பேசவும் படம் எடுக்கவும் முடிந்தால் போதாதா? உள்ளே என்ன இருக்கிறது என்று அவர் கவலைப்பட்டதில்லை.

அன்றைக்கு வீட்டுக்கு வந்து நடந்ததைச் சொன்னதும் கோமதியம்மாள் முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள்.

“இதுக்கா இந்தப் பாடு? நான் வந்து ஒரு விரல வச்சிட்டு, இல்ல நம்பரப் போட்டுட்டு வந்திருதேன். சோலி முடிஞ்சுது.”

“தலைவன் போனுக்குப் பொண்டாட்டி விரலான்னு ஊரே சிரிக்கும்.”

“ரேஷன் கடையில யாரும் சிரிக்கலையே.”

“அது அரிசிட்டி. இது அந்தஸ்து.”

அந்தஸ்து மறுநாள் காலையிலேயே வளர ஆரம்பித்துவிட்டது. ‘உயிரே போனாலும் ரகசியம் காப்பேன்: உழவர் தலைவர் சூளுரை’ என்று ஒரு பேப்பரில் ஐந்தாம் பக்கத்தில் நாலு வரி வந்தது. ரகசியம் என்றோ உயிர் என்றோ அவர் பேசவே இல்லை. நிருபர் அன்பில் எழுதிவிட்டார். கோபாலசாமி பஸ் நிறுத்தத்தில் ஒரு பிளெக்ஸ் வைத்தார். அதில் தங்கச்சாமி கையில் வாளோடு ஒரு பெரிய பூட்டின் மேல் நின்றார். ‘திறக்க மாட்டார் எங்கள் தலைவர்’ என்று கீழே எழுதியிருந்தது. ஆடிக்காற்றில் பிளெக்ஸ் கிழிந்து வாளும் கையும் தனியாகப் பறந்தன. மறுநாள் புதிதாக இன்னொன்று வைத்தார்கள்.

ஸ்டேஷனிலும் சும்மா இருக்கவில்லை. ஏட்டு முத்துமணி தினமும் உறையைப் பிரித்து, நம்பர் போட்டுப் பார்த்து, மறுபடி அரக்கு வைத்தார். தங்கச்சாமி பிறந்த தேதி போட்டார். சங்கம் தொடங்கிய தேதி போட்டார். சுதந்திர தினம், குடியரசு தினம் போட்டார். ‘இந்த ஆளு தன் பேரைத் தவிர வேற எதையும் வச்சிருக்க மாட்டான்’ என்று தங்கச்சாமியின் பெயரெழுத்துக்களை எண்ணாக மாற்றியும் போட்டார். ஒவ்வொரு தப்புக்கும் போன் காத்திருக்கச் சொன்னது. முதலில் அரை நிமிஷம், பிறகு ஐந்து நிமிஷம், பிறகு ஒரு மணி நேரம். கடைசியில் ஒரு நாள் முழுக்கக் காத்திருக்கச் சொன்னபோதுதான், போலீசையே காக்க வைக்கிற ஒரு பொருளைத் தம் சர்வீசில் முதன்முதலாகப் பார்க்கிறேன் என்று ஏட்டு எஸ்.ஐ.யிடம் சொல்லிவிட்டுக் கையைக் கழுவினார். எஸ்.ஐ. கோவில்பட்டிக் கோர்ட்டில் மனுப் போட்டார்: எதிரி நம்பரைச் சொல்ல உத்தரவிட வேண்டும், இல்லையென்றால் போனை ஆய்வுக்கூடத்துக்கு அனுப்ப வேண்டும்.

வக்கீல் அழகிரிசாமி, கோபாலசாமி பின்னால் வர, வீட்டுக்கே வந்தார். இந்த மாதிரி ஒரு வழக்குக்காகத்தான் அவர் பதினெட்டு வருஷமாகக் கறுப்புக் கோட்டை வெளுத்துப்போக விட்டுக் காத்திருந்தார். தனக்கு எதிராகத் தானே சாட்சி சொல்லும்படி ஒருவனை யாரும் கட்டாயப்படுத்த முடியாது என்று ஆரம்பித்தார். நம்பர் சொல்வது சாட்சியா இல்லையா என்பதில் ஒரு கோர்ட் ஒரு மாதிரியும் இன்னொரு கோர்ட் இன்னொரு மாதிரியும் சொல்லியிருக்கிறது, நம்முடைய வழக்கு போய்த்தான் அதைத் தீர்த்துவைக்கப் போகிறது என்றார். தங்கச்சாமி, ஆய்வுக்கூடத்தில் மிஷின் போட்டுத் திறந்துவிட மாட்டார்களா என்று மெல்லக் கேட்டார். அதற்குள் கோமதியம்மாள் காப்பி கொண்டுவந்தாள். வக்கீல் விளக்கினார்.

“அண்ணாச்சி, இட்லி மாவு தெரியும்லா? அரைச்சு வச்ச மாவுல உளுந்த தனியா, அரிசிய தனியா பிரிக்க முடியுமா? போனுக்குள்ள இருக்குததெல்லாம் அந்த மாதிரி அரைஞ்சு கெடக்கு. நம்பர் போட்டாத்தான் மாவு மறுபடி அரிசியும் உளுந்தும் ஆவும். அந்த நம்பர் மட்டும் கையில கெடச்சிட்டுன்னு வையிங்க, அழிச்சதக்கூட எடுத்திருவான். எழுதுனது, பேசுனது, சிரிச்சது, அம்புட்டும் பேப்பர் பேப்பரா கோர்ட்டுல வந்து நிக்கும்.”

டம்ளரை நீட்டிய கோமதியம்மாளின் கை அப்படியே நின்றது. காப்பி தளும்பி வக்கீலின் கோட்டில் இரண்டு சொட்டு விழுந்தது. வெளுத்துப்போன கோட்டின் நிறத்துக்கு அது பொருந்தியே போனது.

“கோர்ட்டுல சொல்லச் சொன்னா?” என்றார் தங்கச்சாமி.

“மாட்டேன்னு சொல்லுவீங்க.”

“சொன்னா என்ன செய்வாவ?”

“அதிகம் போனா உள்ள வைப்பாவ. பாளையங்கோட்டையில பதினஞ்சு நாள் இருந்திட்டு வந்தீங்கன்னா, அப்புறம் மாவட்டத் தலைவர் நீங்கதான்.” வக்கீல் கண்ணில் நீர் கோத்துவிட்டது, தலைவரை நினைத்தா, தம் பெயர் பேப்பரில் வருவதை நினைத்தா என்று சொல்ல முடியாது.

அந்த நிமிஷத்தில் உண்மையைச் சொல்லிவிடலாமா என்று தங்கச்சாமி வாயைத் திறந்தார். “வக்கீலய்யா, ஒரு விஷயம், அந்த நம்பர் வந்து...” என்று ஆரம்பித்ததும் அழகிரிசாமி இரண்டு காதையும் பொத்திக்கொண்டார். தம்மிடமே சொல்லக் கூடாது, சுவருக்கும் காது உண்டு என்றார். கோபாலசாமியும் மரியாதைக்குத் தம் காதைப் பொத்திக்கொண்டார். சொல்ல வந்த மனுஷன் நாலு பொத்திய காதுகளுக்கு நடுவில் திறந்த வாயை மூடிக்கொண்டார்.

அவர்கள் போனதும் தங்கச்சாமி அடுப்படிக்குப் போனார். தண்ணீர் குடித்தார். திரும்பவும் குடித்தார்.

“ஏட்டி, அந்த நம்பரச் சொல்லு.”

“எதுக்கு?”

“எதுக்கா? சொல்ல மாட்டேன்னு சொல்லுததுக்காவது எனக்கு அது தெரிஞ்சிருக்கணும்லா?”

“தெரிஞ்சா சொல்லிருவீங்க. செயிலுன்னதும் உங்க மொகம் போன போக்க நான் பாத்தேன்லா.”

“அன்னைக்கு நீயே வந்து தெறந்து தாரேன்னியே.”

“அழிச்சதயும் எடுப்பான்னு அப்பம் எனக்குத் தெரியாது.”

தங்கச்சாமி மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். மெதுவாகக் கேட்டுக் கேட்டு விஷயத்தை வாங்கினார். குளத்தூரில் அவளுடைய அக்கா செண்பகவல்லி இருந்தாள். அவளுக்குத் தினமும் மத்தியானம், இவர் தூங்குகிற நேரம் பார்த்து, கோமதியம்மாள் இந்தப் போனிலிருந்து வாய்ப்பேச்சைப் பதிந்து அனுப்புவாளாம். எழுதுவதற்கு அவளுக்குச் சோம்பல், பேசுவதற்கு இல்லை. அக்கா கேட்டதும் இவள் உடனே அழித்துவிடுவாள். ஒரு வருஷமாக இது நடக்கிறது.

“என்ன பேசுவ?”

“நாட்டு நடப்புதான்.”

“என்ன நாட்டு நடப்பு?”

“நீங்க கண்ணாடி முன்னால நின்னு சொற்பொழிவு பேசிப் பாக்கது. கலெக்டர் ஆபீஸ்ல வெளிய உக்கார வச்சத, உள்ள கூப்பிட்டு காப்பி குடுத்தாவன்னு ஊருல சொன்னது.” கோமதியம்மாள் அடுப்பைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். “உங்க கொரல்லயே பேசிக் காட்டியிருக்கேன். அக்காவுக்கு அது ரொம்பப் பிடிக்கும்.”

அந்தக் குரலை எஸ்.ஐ. கேட்பதைத் தங்கச்சாமி நினைத்துப் பார்த்தார். ஏட்டு முத்துமணி அதைத் திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்பதை நினைத்துப் பார்த்தார். செருப்பை மாட்டிக்கொண்டு பஸ் நிறுத்தத்துக்கு நடந்தார். கோவில்பட்டி பஸ் வந்து நின்றது. ஏறாமல் திரும்பினார். வருகிற வழியில் கண்மாய்ப் பக்கமிருந்து இரண்டு டிப்பர்கள் மண்ணைச் சிந்திக்கொண்டு போயின. டிரைவர் மரியாதையாக ஹாரன் அடித்துக் கும்பிட்டான்.

அன்றைக்கிலிருந்து வாய்தா நாள் வரைக்கும் அவர் கணக்குப் போட்டது ஒன்றே ஒன்றுதான். மாட்டேன் என்றால் ஜெயில். தெரியாது என்றால் சிரிப்பு. ஜெயிலுக்குப் போனவன் திரும்பி வரலாம், மாலையோடு வரலாம். சிரிப்புக்கு ஆளானவன் திரும்பி வருவதற்கு இடமே கிடையாது. இப்படி ஒரு பக்கம் தீர்மானமாகும். ஆனால் பாளையங்கோட்டை என்று நினைத்ததும் தீர்மானம் மறுபக்கம் சாய்ந்துவிடும்.

வாய்தா அன்று கோர்ட் வராந்தாவில் சங்கத்தின் பத்தொன்பது பேரும் வந்திருந்தார்கள். காப்பீட்டைப் பற்றி ஏதாவது அறிவிப்பு இருக்கும் என்று சிலர் நம்பினார்கள். வக்கீல் புதுக் கோட் போட்டிருந்தார். கோமதியம்மாள் தூணோரம் பையோடு நின்றாள். கோபாலசாமி துண்டுக்குள் மாலையை ஒளித்து வைத்திருந்தார்; ஜெயிலுக்குப் போகும்போது போடுவதா, ஜெயித்து வரும்போது போடுவதா என்று அவருக்குத் தெளிவில்லை, இரண்டுக்கும் ஆகும் என்று செவ்வந்தியாக வாங்கியிருந்தார்.

வழக்கைக் கூப்பிட்டார்கள். அழகிரிசாமி எழுந்து அரசியல் சட்டத்தை முதல் பக்கத்திலிருந்து ஆரம்பித்தார். மாஜிஸ்திரேட் அம்மா கையை உயர்த்தி அவரை உட்காரச் சொல்லிவிட்டு, நேரே தங்கச்சாமியைப் பார்த்தார்.

“போன் உங்களோடதுதானே?”

“என்னோடதுதாம்மா.”

“நம்பரைச் சொல்ல முடியுமா, முடியாதா?”

தங்கச்சாமி நிமிர்ந்தார். ‘என் போன், என் உரிமை’ என்பது நாக்கின் நுனி வரை வந்தது. மாஜிஸ்திரேட்டுக்குப் பின்னால் இருந்த ஜன்னலில் ஒரு போலீஸ் வேன் நின்றிருந்தது. அதன் பின்கதவு திறந்திருந்தது. யாரோ உள்ளே ஏறிக்கொண்டிருந்தார்கள். நாக்கின் நுனியில் இருந்தது வழுக்கி உள்ளே போய்விட்டது.

“எனக்குத் தெரியாதும்மா.”

மாஜிஸ்திரேட் அம்மா எழுதுவதற்கு எடுத்த பேனாவைக் கீழே வைத்தார்.

“உங்க போனோட லாக் நம்பர் உங்களுக்கே தெரியாதா?”

யாருக்குத் தெரியும் என்பதுதான் அடுத்த கேள்வியாக வரும். தங்கச்சாமி தூணோரம் பார்த்தார். கோமதியம்மாள் கண்ணிமைக்காமல் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தக் கேள்வி வருவதற்கு முன்னால் கதவை அடைத்துவிட வேண்டும் என்கிற பதற்றத்தில் அவர் இரண்டு கையையும் தலைக்குமேல் கூப்பினார்.

“எங்க பத்திரகாளி மேல சத்தியமா எனக்குத் தெரியாதும்மா. தெரிஞ்சா எங் கண்ணு அவிஞ்சு போகட்டும்.”

இங்கே சத்தியமெல்லாம் கேட்கவில்லை என்றார் மாஜிஸ்திரேட். ஏதோ எழுதினார். போனை மெட்ராஸ் ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பச் சொன்னார்; அடுத்த வாய்தா புரட்டாசியில் என்றார்; அடுத்த வழக்கைக் கூப்பிடச் சொன்னார்.

எல்லாரும் சிரிக்கப் போகிறார்கள் என்று தங்கச்சாமி தலையைக் குனிந்துகொண்டே வராந்தாவுக்கு வந்தார். அழகிரிசாமி அவரைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். தமக்கே தோன்றாத பாயிண்ட் இது என்றார். எஸ்.ஐ. முத்துசெல்வம்கூடப் பக்கத்தில் வந்து, தொப்பியைச் சரிசெய்துகொண்டு, குரலைத் தாழ்த்தினார்.

“மாட்டேன்னா ஏதாவது பண்ணலாம் தலைவரே. தெரியாதுன்னா நான் என்ன செய்ய? சாமி மேல சத்தியம் வேற. பெரிய ஆள்தான் நீங்க.”

மாலை விழுந்தது. கைதட்டினார்கள். தங்கச்சாமி கோபாலசாமியின் கையைப் பிடித்து ஓரமாக இழுத்தார்.

“கோபாலு, நெசமாவே எனக்குத் தெரியாதுய்யா.”

கோபாலசாமி ஒரு கண்ணை மட்டும் மூடித் திறந்தார். “எங்கிட்டயுமா தலைவரே? கட்டுறுதின்னா இதுல்லா கட்டுறுதி.”

நாலு பேரிடம் சொல்லிப் பார்த்தார். நாலு பேரும் அப்படியே கண்ணடித்தார்கள். அறுபத்திரண்டு வயசில் முதன்முதலாக ஒரு பொது இடத்தில் அவர் முழு உண்மையைச் சொல்லியிருந்தார். அதைத்தான் அவருடைய ஆகப் பெரிய பொய் என்று ஊர் கொண்டாடியது.

பஸ்ஸில் ஜன்னலோரம் அவருக்கே விட்டுக்கொடுத்தார்கள். மாலையைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். உடனே எடுத்து இருக்கையின் கம்பியில் மாட்டினார். மறுபடி மடியில் வைத்தார். சாலைப்புதூர் தாண்டியதும் பக்கத்தில் உட்கார்ந்திருந்த கோமதியம்மாளின் காதுக்குக் குனிந்தார்.

“எல்லாம் முடிஞ்சிட்டு. போனு மெட்ராசுக்குப் போகப்போவுது. இப்பமாவது அந்த நம்பர எங்கிட்டச் சொல்லு. மனசு கெடந்து அடிச்சிக்கிடுது.”

கோமதியம்மாள் முந்தானையை இழுத்துத் தலையில் போட்டுக்கொண்டாள். காற்று புழுதியை ஜன்னல் வழியாக உள்ளே வீசியது.

“பத்திரகாளி மேல தெரியாதுன்னு சத்தியம் பண்ணீட்டு வந்திருக்கீங்க. பெரட்டாசியில மறுபடி கேப்பாவ. இப்பம் நான் சொன்னேன்னு வையிங்க, அன்னைக்கு அது பொய்ச் சத்தியமாப் போயிரும். உங்க கண்ணு எனக்கு வேணும்லா.”